மாணவர் குழு அனிமேஷன் குறும்படம்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆறேழு பேர் சேர்ந்து எடுக்கும் இரண்டு நிமிடக் குறும்படத்துக்கான வழிமுறை இது. அட்டையில் வெட்டிய உருவங்களை மேசையில் பரப்பி, மேலே பொருத்திய செல்போனில் ஒவ்வொரு படமாக எடுக்கும் முறையை வைத்து எழுதியிருக்கிறோம். நொடிக்கு 12 படம் என்றால் இரண்டு நிமிடத்துக்கு 1,440 படங்கள். கணினியில் வரைபவர்களுக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்பவர்களுக்கும் தனிப் பகுதிகள் உண்டு. படம் சொல்லும் செய்திக்கு உதாரணமாக, பாம்புக்கடிக்கு முதலுதவியை எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணமோ நாட்களோ பிடிப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் 24 படம், அதாவது இரண்டு நொடி, எடுத்து ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த ஷாட்டில் அதே கோளாறு திரும்பும்.

## 1. படம் நன்றாக இருக்கிறது, செய்தி போய்ச் சேரவில்லை

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. ஸ்டோரிபோர்டில், அதாவது கதையைக் கட்டம் கட்டமாக வரைந்த தாளில், இதைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும். படப்பிடிப்புக்குப் பின் சரிசெய்தால் நூற்றுக்கணக்கான படங்களை மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே 24 முதல் 30 கட்டங்களில் ஸ்டோரிபோர்டு வரைந்து, செல்போனில் படமெடுத்து, தற்காலிகக் குரலோடு எடிட்டிங் செயலியில் வரிசையாக அடுக்கி ஓட்டுங்கள். இந்த அனிமேட்டிக்கைக் குழுவில் இல்லாத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். "என்ன செய்தி?" என்று கேட்காதீர்கள், பள்ளிப் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது போலப் பதில் சொல்லிவிடுவார்கள். "உங்க வீட்ல இப்படி நடந்தா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள்.

### ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்கிறார்கள்

படத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செய்தி இருக்கிறது. பாம்பைக் கொல்லாதே, வீட்டைச் சுத்தமாக வை, இரவில் டார்ச் எடுத்துப் போ, கடித்தால் மருத்துவமனைக்குப் போ: இது நான்கு படம். ஒரு வினைச்சொல்லோடு முடியும் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: "பாம்பு கடித்தால் நேராக மருத்துவமனைக்குப் போ." இந்த வாக்கியத்துக்கு உதவாத கட்டங்களை, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், எடுத்துவிடுங்கள். குழுவில் மனத்தாங்கல் வருவது இந்த இடத்தில்தான். கட்டத்தை வரைந்தவரிடமே அந்த வாக்கியத்தைக் கொடுத்து, பொருந்துகிறதா என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

### பதில் வருகிறது, ஆனால் கடைசி எழுத்துப் பலகையைப் படித்துத்தான் வருகிறது

கடைசிப் பத்து நொடியை வெட்டிவிட்டு வேறு ஐந்து பேருக்குக் காட்டுங்கள். செய்தி மறைந்துபோனால், கதைக்குள் யாரும் முடிவெடுக்கவில்லை என்று பொருள். ஒரு பாத்திரம் இரண்டு வழிகளுக்கு நடுவில் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஷாட் இருக்க வேண்டும். இடப்பக்கம் மந்திரிப்பவர் வீடு, வலப்பக்கம் ஆட்டோ. அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பக்கம் திரும்புகிறாள். வசனமே வேண்டாம்.

### செய்யக்கூடாததுதான் நினைவில் நிற்கிறது

செய்திப் படங்களில் மிக அதிகமாக வருவதும், மிக ஆபத்தானதும் இதுதான். காலில் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது: இவற்றை வரையும்போது மாணவர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது, நகைச்சுவையும் சேர்ந்துவிடுகிறது. சரியான செயல் கடைசியில் மூன்று நொடியில் ஓடிப்போகிறது.

சோதனை எளிது. தவறான செயல் திரையில் எத்தனை நொடி, சரியான செயல் எத்தனை நொடி என்று எழுதுங்கள். தவறு கூடுதலாக இருந்தால் இப்படி மாற்றுங்கள்: தவறான செயலை முடிக்க விடாதீர்கள். கயிறு இறுகும் முன் இன்னொரு கை வந்து அதைப் பிடிக்கட்டும். எதுகை மோனையோடு ஒரு வரி எழுதினால் அது சரியான செயலுக்கே இருக்கட்டும். கடிபட்ட காலை ஆடாமல் மரச்சட்டத்தோடு வைத்துப் படுக்கவைப்பதை நிதானமாக, நெருக்கக் காட்சியில், குறைந்தது பத்து நொடி காட்டுங்கள்.

### பிரசங்கம் போல இருக்கிறது

பின்னணிக் குரலின் சொற்களை எண்ணுங்கள். இரண்டு நிமிடப் படத்துக்கு 120 சொல் மேல்வரம்பு. அதைத் தாண்டினால், படத்தில் தெரிவதையே குரலும் சொல்கிற வரிகளை முதலில் நீக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

### நிபுணரை அழைக்கும் இடம்

உடல்நலம், சட்டம், மின்சாரம் பற்றிய செய்தி என்றால் படப்பிடிப்புக்கு முன்பே அழையுங்கள். ஸ்டோரிபோர்டை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொடுத்து, கட்டம் கட்டமாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாணவர் படங்களில் அடிக்கடி வரும் தவறுகள்: இறுக்கக் கட்டுவதை முதலுதவியாகக் காட்டுவது, அடையாளம் காட்டப் பாம்பைப் பிடித்துக்கொண்டு போவது, கடிவாய் எப்போதும் பெரிதாக, ரத்தத்தோடு இருப்பது. கட்டுவிரியன் கடித்தால் வலியும் வீக்கமும் அனேகமாக இருக்காது, தடமே தெரியாமலும் போகலாம். பெரிய காயமாக வரைந்தால், "காயமே இல்லையே" என்று ஒரு குடும்பம் வீட்டிலேயே இருந்துவிடும். பாம்பின் கண்ணை வரைவதிலும் கவனம்: நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் கண்மணி வட்டம். கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் செங்குத்துக் கீற்று. பால் குடிக்கும் பாம்பும் பழிவாங்கும் பாம்பும் இந்தப் படத்துக்குள் வரவே கூடாது. 108 எண்ணும், விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதும் படத்தில் ஓரிடத்திலாவது தெரியட்டும்.

## 2. படம் மினுக்குகிறது

எதையும் நகர்த்தாமல் 24 படம் எடுத்து ஓட்டுங்கள். அப்போதும் மினுக்கினால் கோளாறு கேமராவிலோ வெளிச்சத்திலோ இருக்கிறது. மினுக்கவில்லை என்றால், உருவத்தை நகர்த்துபவரின் நிழலைத் தேடுங்கள்.

### வெளிச்சம் படத்துக்குப் படம் ஏறி இறங்குகிறது

செல்போன் தானாக எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) மாற்றுகிறது. புரோ மோடில் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறன்) 100 அல்லது 200, ஷட்டரை (வெளிச்சம் விழும் நேரம்) 1/50 அல்லது 1/25 நொடி, ஃபோகஸை மேனுவல் என்று நிறுத்துங்கள். புரோ மோடு இல்லாத போனில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் கேமராவை விட்டு வெளியே வந்ததும் பூட்டு போய்விடும். ஆகவே ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு எடுங்கள். ஒரு அழைப்பு வந்தாலே அந்த ஷாட் வீண்.

### நிறம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் மாறுகிறது

வைட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) தானியங்கியில் இருக்கிறது. வெள்ளை எல்இடிக்கு 5,000 கெல்வின் சுற்றி ஒரு எண்ணில் நிறுத்தி, அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மறுநாள் வேறு மாணவர் போனை எடுப்பார்.

### பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 1/60, 1/125 போன்ற ஷட்டர் வேகம் இதோடு ஒத்துப்போகாது. 1/100, 1/50, 1/25 ஒத்துப்போகும். அப்போதும் விழுந்தால் பல்பை மாற்றுங்கள். மலிவான எல்இடியில் துடிப்பு அதிகம்.

### மெல்ல மெல்ல இருட்டுகிறது

ஜன்னல். மேகம் போனாலும் மாலை வந்தாலும் இதுதான் நடக்கும். கறுப்புச் சார்ட்டோ போர்வையோ கொண்டு அடையுங்கள். மேசைக்கு இரு பக்கமும் 45 பாகை சாய்வில் ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு 9 வாட் வெள்ளைப் பல்புகள் போதும்.

### ஒரு ஓரம் மட்டும் சில படங்களில் மாறுகிறது

வெள்ளைச் சட்டை. மேசையருகே நிற்பவரின் உடை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. சீருடைச் சட்டையின் மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொள்ளட்டும். படம் எடுக்கும் நொடியில் எல்லோரும் தரையில் ஒட்டிய டேப்புக்குப் பின்னால் நிற்கட்டும்.

முழுப் படமும் எடுத்து முடித்த பிறகு மினுக்கலைக் கண்டுபிடித்தீர்களா? டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் மினுக்கலைக் குறைக்கும் டிஃப்ளிக்கர் இருக்கிறது. இலவசப் பதிப்பில் இல்லை. மொத்த வெளிச்சம் ஏறி இறங்குவதை அது நன்றாகவே குறைக்கும், நிழல் நகர்வதைச் சரிசெய்யாது. ஒரு ஷாட்டுக்காக மென்பொருள் வாங்காதீர்கள். மறுபடி எடுப்பது விரைவு. பாதிப் படத்துக்கு மேல் மினுக்கினால் எடிட்டிங் ஸ்டூடியோவில் விலை கேட்கலாம்.

## 3. படம் துள்ளுகிறது

### முழுச் சட்டகமும் ஒவ்வொரு படத்திலும் சற்றே ஆடுகிறது

போனைத் தொட்டுப் படமெடுக்கிறீர்கள். வயருள்ள இயர்போனின் ஒலி பட்டனே பல போன்களில் ஷட்டராக வேலை செய்யும். இல்லாவிட்டால் புளூடூத் ரிமோட். போன் மாட்டிய சட்டமும் மேசையும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று நினைப்பார்கள். உண்மையில் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆடினாலும் ஒன்றாக ஆடும், படத்தில் தெரியாது. பிவிசி குழாய்ச் சட்டத்தை மேசைக் கால்களோடு கட்டுவது இதற்குத்தான்.

### ஒரே ஒரு இடத்தில் துள்ளுகிறது

நடுவில் போனைச் சார்ஜ் போடக் கழற்றியிருக்கிறார்கள். சார்ஜர் வயரை மாட்டியபடியே எடுக்கும்படி ஆரம்பத்திலேயே வயரைக் குழாயோடு ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே துள்ளிவிட்டதா? துள்ளலுக்குப் பிந்தைய படங்கள் எல்லாவற்றையும் எடிட்டிங்கில் ஒரே அளவு நகர்த்துங்கள். படங்களைப் பெரிய அளவில் எடுத்து 1920×1080 சட்டகத்தில் சேர்ப்பவர்களுக்கு இந்த இடம் தாராளமாக இருக்கும்.

### உருவங்கள் மட்டும் நடுங்குகின்றன

முதல் காரணம் ஃபேன். அடுத்தது மெல்லிய சார்ட், ஈரப்பதத்தில் சுருண்டுவிடும். 300 ஜிஎஸ்எம் அட்டையில் வெட்டி, முதுகில் பட்டாணி அளவு டேக்-இட் பசை வையுங்கள். கைகால் மூட்டு தொளதொளத்தால் நூல் முடிச்சை இறுக்கி அட்டையின் பின்புறம் செல்லோடேப் போடுங்கள்.

## 4. அசைவு சரியில்லை

### படம் முழுக்க இருமடங்கு வேகமாக ஓடுகிறது

அசைவில் தவறில்லை. 1,440 படங்களை மென்பொருள் நொடிக்கு 24 என்று எடுத்துக்கொண்டு 60 நொடியில் முடித்துவிட்டது. எடிட்டிங் செயலியில் படங்களை அடுக்கும் டைம்லைனை நொடிக்கு 24 பிரேம் (திரையில் ஓடும் சட்டகம்) என்று வைத்து, நீங்கள் எடுத்த ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம் நிற்கச் செய்யுங்கள். 25 பிரேம் டைம்லைனில் 12 சமமாகப் பிரியாது, அங்கங்கே தடுக்கும்.

### பாத்திரம் மிதக்கிறது

எல்லா நகர்வும் ஒரே அளவு. ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கை நீட்டும் அசைவுக்கு 2, 4, 8, 12, 12, 8, 4, 2 மில்லிமீட்டர் என்று நகர்த்துங்கள். தொடக்கமும் முடிவும் நெருக்கம், நடுவில் அகலம்.

### என்ன நடந்தது என்றே தெரியவில்லை

நிறுத்தம் இல்லை. முக்கியச் செயல் முடிந்ததும் எட்டு படமாவது அசையாமல் வையுங்கள். கண் சிமிட்ட இரண்டு மூன்று படம், சாதாரண நடையில் ஓர் அடிக்கு ஆறு படம். திரையில் வரும் எழுத்து, வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்கட்டும்.

## 5. வாயும் குரலும் சேரவில்லை

### தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகல்

குரலை இரண்டு மூன்று பிரேம் தள்ளுங்கள். வாய் ஒரு படம் முந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், பிந்தினால் பொறுக்காது.

### போகப் போக விலகல் கூடுகிறது

பிரேம் எண்ணிக்கை குழம்பியிருக்கிறது. ஒருவர் 24இலும் இன்னொருவர் 25இலும் ஷாட்டை ஏற்றியிருப்பார். எல்லா ஷாட்டையும் படவரிசையாக மறுபடி 24இல் ஏற்றுங்கள். ஒலிக் கோப்புகள் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் வடிவில் இருக்கட்டும்.

### நேரம் சரி, ஆனால் பேசுவது போலத் தெரியவில்லை

ஆறு வாய்கள் போதும்: மூடியது, ஆ, ஈ–ஏ, ஊ–ஓ, கீழுதட்டைப் பல் தொடும் வ, நாக்கு தெரியும் ல–த. எழுத்துக்கு எழுத்து வாயை மாற்றாதீர்கள். ப, ம வரும் இடத்தில் உதடு மூடியாக வேண்டும். அந்த இடங்களை முதலில் குறித்துவிட்டு மற்றதை நிரப்புங்கள். ருபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தினால் அதன் இயல்பான அமைப்பு ஆங்கிலத்துக்கானது. தமிழ்க் குரலுக்கு ஃபொனெட்டிக் என்ற தேர்வுக்கு மாற்ற வேண்டும். நேரம் குறைவு என்றால் பாத்திரம் பேசவே வேண்டாம். பின்னணிக் குரலுக்கு மாறுங்கள். இரண்டு நிமிடப் படத்துக்கு அதுவே பெரும்பாலும் நல்ல முடிவு.

## 6. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

வகுப்பறையின் வெற்றுச் சுவர்தான் காரணம். எதிரொலியை எந்த மென்பொருளும் முழுதாக எடுக்காது. பதிவின்போதே தவிர்க்க வேண்டும். துணி அலமாரி உள்ள அறை, இல்லையேல் மூன்று பக்கம் போர்வை தொங்கவிட்ட மூலை. போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். அப்போதுதான் ப என்ற ஒலி வெடிக்காது. ஃபேனை நிறுத்துங்கள். பேசும் முன் ஐந்து நொடி அறையின் மௌனத்தைப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அந்த ஐந்து நொடியை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலை 6 முதல் 12 டெசிபல் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் குரல் தேய்ந்து உலோகமாக ஒலிக்கும். பெரிய போட்டிக்கு அனுப்பும் படமென்றால் ஒலிக்கலவையை மட்டும் ஸ்டூடியோவில் கொடுங்கள்; கைக்காசு செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் என்றால் இதைத்தான் சொல்வோம்.

## 7. தமிழ் எழுத்து உடைகிறது

### "கொசு" என்பது "ெகாசு" என்று விழுகிறது

மென்பொருளின் எழுத்து இயந்திரம் தமிழுக்கு அமைக்கப்படவில்லை. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராபிக்ஸ் விருப்பங்களுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறது. அதை மாற்றி மென்பொருளை மூடித் திறந்து, எழுத்தைப் புதிதாகத் தட்டச்சிடுங்கள். தேர்வே இல்லாத மென்பொருளில் போராட வேண்டாம்: இங்க்ஸ்கேப் அல்லது கிம்ப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுங்கள்.

### ஒரு கணினியில் தமிழ், இன்னொன்றில் ஆங்கிலக் குப்பை

பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பலூ தம்பி போன்ற இலவச எழுத்துருவில் ஒன்றை எல்லாக் கணினியிலும் நிறுவுங்கள். முடித்த எழுத்துப் பலகைகளைத் தமிழாசிரியர் ஒருமுறை பார்க்கட்டும். விழாத் திரையில் ஒற்றுப்பிழை மிகப் பெரிதாகத் தெரியும்.

## 8. கணினியில் செய்பவர்களுக்கு

### ஒரே பாத்திரம், மூன்று முகம்

மூன்று மாணவர் மூன்று காட்சி வரைந்தால் இப்படித்தான் ஆகும். முன், பக்கம், பின் தோற்றத்தோடு ஒரு மாதிரித் தாள், நிற எண்கள், தூரிகையின் தடிமன், சட்டக அளவு: நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டால் முகத்தை மட்டும் ஒருவர் எல்லா ஷாட்டிலும் மறுபடி வரையட்டும். உடலில் சிறு வேறுபாட்டை யாரும் கவனிப்பதில்லை.

### ஓப்பன்டூன்ஸ் (கணினியில் வரைந்து அசைக்கும் மென்பொருள்) கோப்பைத் திறக்க மறுக்கிறது

கோப்பின் பெயரிலோ ஃபோல்டர் பெயரிலோ தமிழெழுத்தோ இடைவெளியோ இருக்கிறதா பாருங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்: காட்சி எண், ஷாட் எண், பதிப்பு எண். "ஃபைனல்", "புது ஃபைனல்" என்ற பெயர்களைத் தடை செய்யுங்கள்.

### பிளெண்டரில் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது

டெக்ஸ்சர் படங்கள் (உருவங்களின் மேல் போர்த்தும் படங்கள்) கோப்போடு வரவில்லை. உருவாக்கியவரின் கணினியில் பேக் ரிசோர்சஸ் கொடுத்துச் சேமித்து மறுபடி வாங்குங்கள்.

### பிளெண்டர் திறக்கவே இல்லை, அல்லது ரெண்டர் முடியவில்லை

பிளெண்டர் 4.0 முதல் ஓப்பன்ஜிஎல் 4.3 (கிராபிக்ஸ் கார்டு ஆதரிக்க வேண்டிய வரைகலைத் தரம்) தேவை, பழைய ஆய்வகக் கணினியில் 3.6 பதிப்பை நிறுவிப் பாருங்கள். ரெண்டரை, அதாவது கணினி ஒவ்வொரு பிரேமையும் முழுப் படமாக உருவாக்கித் தருவதை, நேராக வீடியோவாக எடுக்காதீர்கள். பிஎன்ஜி வரிசையாக எடுத்தால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு பிரேமுக்கு இரண்டு நிமிடம் பிடித்தால் 1,440 பிரேமுக்கு 48 மணி நேரம். இந்தப் பெருக்கலை முதல் நாளே செய்யுங்கள். விழாவுக்கு முந்தைய வாரம் அல்ல.

## 9. திரையிடும்போது

முகங்கள் இருட்டுக்குள் போய்விடுகின்றனவா? பள்ளிப் புரொஜெக்டரில் இரவுக் காட்சி கரைந்துவிடும். கட்டுவிரியன் கதை இரவில்தான் நடக்கும் என்பதால் இருட்டைக் கறுப்பால் காட்டாமல் நீலத்தால் காட்டுங்கள். எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டால், சட்டகத்தின் நடுப் 90 சதவீதத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றால், வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியிருப்பீர்கள். டாக்குமெண்டாக அனுப்புங்கள். எச்.264 என்ற வீடியோ வடிவில், நொடிக்கு 12 மெகாபிட் என்றால் இரண்டு நிமிடப் படம் ஏறக்குறைய 180 எம்பி.

யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தால் பின்னணியில் சினிமாப் பாட்டு இருக்கிறது. பத்து நொடி என்றாலும் விதிவிலக்கில்லை. யூடியூப் ஆடியோ லைப்ரரியிலிருந்து எடுங்கள். குழுவில் பறையோ புல்லாங்குழலோ வாசிப்பவர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

## 10. எடுத்த படங்களைக் காணவில்லை

முதல் வேலை, அந்த மெமரி கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைப்பது. புதிய படம் எழுதப்பட்டால் பழையது நிரந்தரமாகப் போகும். வேறு கார்டு ரீடர், வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். பல நேரம் ரீடர்தான் கோளாறு. கார்டு தெரிகிறது, உள்ளே காலி என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, மீட்ட படங்களை வேறு டிஸ்கில் சேமியுங்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

கார்டு எங்குமே தெரியவில்லை, அல்லது மாட்டியதும் சுடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். தரவு மீட்பு மையத்தின் வேலை அது, கட்டணமும் ஆயிரங்களில் போகும். கொடுப்பதற்கு முன், வேறு இடத்தில் எந்தெந்த ஷாட் பிரதி இருக்கிறது என்று பட்டியல் போட்டு, மீதியை மறுபடி எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிடுங்கள். உருவ அட்டைகளும் சுவரில் எழுதிய கேமரா எண்களும் பத்திரமாக இருந்தால், பத்து பதினைந்து ஷாட்டை மறுபடி எடுப்பதே அனேகமாக மலிவு.